வாசல் பலகையில் ஏழு பேர்

ஷெரினுக்கு ஆறு மாதம் முடியும்வரை குறை தன் பாலில்தான் என்று ஜோஸ்பின் நினைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை மார்பில் வாய் வைத்து நாலு இழுப்பு இழுக்கும். விட்டுவிட்டு மூச்சு வாங்கும். நெற்றியெல்லாம் வியர்த்து முடி ஒட்டிக்கொள்ளும். மறுபடி இழுக்கும். பாதி வயிறு நிறைவதற்குள் களைத்துப்போய்த் தூங்கிவிடும். செல்லிப்பட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பூண்டை நெய்யில் வதக்கித் தின்னச் சொன்னார்கள். சுறாப்புட்டு செய்துகொண்டுவந்து கொடுத்தார்கள். ஜோஸ்பின் எல்லாவற்றையும் தின்றாள். எடை ஏறியது அவளுக்குத்தான், குழந்தைக்கு இல்லை.

தடுப்பூசி போடச் சுகாதார நிலையத்துக்குப் போன அன்று, புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண் டாக்டர் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். வைத்த இடத்திலிருந்து வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு டவுனில் இருக்கும் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்து, "நாளைக்கே போங்கம்மா, தள்ளிப் போடாதீங்க" என்றாள்.

அங்கே எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் பெரிய ஓட்டை. ஒரு பக்கத்து ரத்தம் மறுபக்கம் பாய்ந்து நுரையீரலை நிரப்புகிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது, குடித்த பாலும் உடம்பில் ஒட்டவில்லை என்றார்கள். மருந்து கொஞ்ச நாளைக்குத் தாங்கும். ஆனால் ஆபரேஷன் செய்துதான் மூட வேண்டும். காப்பீட்டு அட்டை செல்லுகிற ஆஸ்பத்திரிகள் இரண்டு இருக்கின்றன, எதற்குப் போகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

ஜோஸ்பினின் கணவன் பாக்யராஜ் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்ப்பவன். அதிகம் பேசமாட்டான். அன்று பேசினான்.

"ரெண்டுல எங்க சார் நல்லா செய்வாங்க?"

"ரெண்டுமே நல்ல ஆஸ்பத்திரிதான்பா."

"இல்ல சார். இந்த மாதிரி கொழந்தைங்களுக்கு எங்க நல்லபடியா ஆவுதுன்னு கேக்கறேன்."

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "அந்தக் கணக்கு எங்கிட்ட இல்லப்பா. யாரும் எங்களுக்குக் கொடுக்கறதும் இல்ல," என்று உள்ளதைச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பாக்யராஜுக்கு அதுவே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. பைக் வாங்கும்போது மைலேஜிலிருந்து சர்வீஸ் வரைக்கும் கம்பெனியில் ஒவ்வொருவராக விசாரித்தான். கேட்டவர்கள் எல்லாரும் பதில் சொன்னார்கள். குழந்தையின் நெஞ்சைத் திறக்கிற விஷயத்தில் கேட்பதற்கு ஓர் ஆள் இல்லை.

பாக்யராஜின் அண்ணன் அருள்தாஸ் வில்லியனூரில் வாடகைக் கார் ஓட்டுபவர். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் அவர் கார்தான் வரும். எந்த ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் நிறுத்த வேண்டும், எந்த டாக்டர் எப்போது வருவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால் வைத்திய விஷயத்தில் வீட்டில் அவர் சொன்னதுதான். இரண்டு ஆஸ்பத்திரியையும் நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று தம்பியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "சென்னை ரோட்டுல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம் ஜோஸ்பினு," என்றார். "சும்மா சொல்லக்கூடாது, ஓட்டல் மாதிரி வச்சிருக்கான். ஆபரேசன் பண்ண கொழந்த ஒண்ணுகூட தவறலியாம். கவுண்டர்ல இருக்கிற பொண்ணு அடிச்சு சொல்லுது."

"இன்னொரு ஆஸ்பத்திரி, மாமா?"

அருள்தாஸ் தம்பியைப் பார்த்தார். பாக்யராஜ் செல்போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினான். கடலூர் சாலையில் இருக்கும் டிரஸ்ட் ஆஸ்பத்திரி. உள்ளே நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற மாதிரி சுவரில் ஒரு பெரிய பலகை. தமிழில் எழுதியிருந்தது. சென்ற ஆண்டு இங்கே இதய ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைகள் 231. வீடு திரும்பியவர்கள் 224. இறந்தவர்கள் 7. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதோ ஒரு அட்டவணை. போட்டோவில் படிக்க வரவில்லை.

"ஏழு கொழந்த செத்துச்சுன்னு அவனே வாசல்ல எழுதி மாட்டி வச்சிருக்கான்," என்றார் அருள்தாஸ். "அத்தப் பாத்துட்டு எவனாவது உள்ள போவானா? நானு அங்கயே வண்டியத் திருப்பிட்டேன்."

ஜோஸ்பின் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கடைசி எண்ணைத் தாண்டி அவள் கண் போகவில்லை. மடியில் ஷெரின் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு நடுவில் தோல் உள்ளே போய் வந்தது. எட்டாவது இவளாக இருந்தால் என்று ஒரு நினைப்பு வந்த உடனே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"மாமா சொல்ற இடத்துக்கே போவலாங்க," என்றாள்.

சென்னை ரோட்டு ஆஸ்பத்திரியில் யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. தரை கண்ணாடி மாதிரி இருந்தது. நர்ஸ்கள் குழந்தையைக் கன்னத்தில் தட்டிக் கொஞ்சினார்கள். ரத்தம் எடுத்தார்கள், மறுபடி எக்கோ எடுத்தார்கள், தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள். என்ன கேட்டாலும் "கவலைப்படாதீங்க" என்றார்கள். டாக்டர் கூப்பிட்டுப் பேசியது இரண்டு வாரம் கழித்துத்தான்.

"குழந்தை எடை ரொம்பக் கம்மியா இருக்கும்மா. நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல அழுத்தம் வேற ஏறியிருக்கு. இந்த நிலைமையில நாங்க ஆபரேஷனுக்கு எடுக்கறதில்ல. எடை ஏத்திட்டு ஒரு மூணு மாசம் கழிச்சு வாங்க."

"ஓட்டையாலதான சார் எடை ஏறல?" என்றாள் ஜோஸ்பின். "மூடாம எப்படி சார் ஏறும்?"

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா ஆபத்து ஜாஸ்தி. வேற எங்கயாவது கேட்டுப் பாருங்க."

"இவள மாதிரி இங்க வந்துட்டுப் போன கொழந்தைங்க எல்லாம் இன்னா சார் ஆச்சுங்க?"

டாக்டர் கெட்டவராகத் தெரியவில்லை. கேள்வி அவரையும் தொட்ட மாதிரிதான் இருந்தது. "அது எங்களுக்குத் தெரியாதும்மா," என்றார்.

காரில் திரும்பும் வழியில் திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். அருள்தாஸ் வாங்கிக்கொடுத்த டீயை ஜோஸ்பின் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"அங்க ஏன் ஒரு கொழந்தகூட தவறலன்னு இப்பதான் தெரியுது மாமா," என்றாள். "தவறிடுமோன்னு பயமா இருக்கிற கொழந்தைய அவங்க எடுக்கறதே இல்ல. அது வேற எங்கனா போயி செத்தா அவங்க கணக்குல வராது."

அருள்தாஸ் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது. இரண்டு வாரம் வீணானதும், அதற்குத் தானே காரணம் என்பதும் அவருக்கு உறைத்தது.

"வூட்டுக்குப் போவ வாணாம்," என்றார். "நேரா கடலூர் ரோட்டுக்கே வுடறேன். ஏறுங்க."

டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் கூட்டமாக இருந்தது. பாக்யராஜ் சீட்டுப் போட வரிசையில் நின்றான். ஜோஸ்பின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றாள். போட்டோவில் தெரியாத அட்டவணை இப்போது தெரிந்தது. பிரிவு ஒன்று, பிரிவு இரண்டு என்று நான்கு வரை போட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் இரண்டிரண்டு எண்கள். படிக்க முடிந்தது, ஒன்றும் விளங்கவில்லை.

"புதுசா வந்திருக்கீங்களா?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. முப்பது வயது இருக்கும் ஒரு பெண். கழுத்தில் பெற்றோர் குழு என்று எழுதிய அட்டையை மாட்டியிருந்தாள்.

"ஆமாங்க. செல்லிப்பட்டு."

"எம் பேரு செல்வகுமாரி. பாகூர் பக்கம். வியாழக்கிழமைன்னா நான் இங்கதான் இருப்பேன்." அவள் பலகையில் விரல் வைத்துக் காட்டினாள். "நம்பரு ஏற ஏற கஷ்டமான ஆபரேசன். உன் கொழந்த எந்தப் பிரிவுன்னு டாக்டரம்மா சொல்வாங்க. அந்த வரிசையில எத்தினி பேரு வந்தாங்க, எத்தினி பேரு வூட்டுக்குப் போனாங்கன்னு நீயே பாத்துக்கலாம்."

"இந்த ஏழு பேர ஏங்க எழுதி வச்சிருக்காங்க? பாத்தாலே திரும்பிப் போவத் தோணுது."

செல்வகுமாரி பலகையிலிருந்து விரலை எடுக்கவில்லை. "அதுல ஒண்ணு எம் புள்ளம்மா," என்றாள்.

ஜோஸ்பின் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். செல்வகுமாரியே அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

அவளுடைய மகன் பெயர் கதிர். ரெண்டு வயது. இதயத்தில் ஒன்றல்ல, நாலைந்து கோளாறு. கரும்பு வெட்டு முடிந்த கையோடு இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. கண் திறந்து அம்மா என்றான். அப்புறம் ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது. ஒரு வாரம் தாக்குப்பிடித்தான்.

"டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னாங்க. எங்க வூட்டுக்காரரு மேசையத் தட்டிக் கத்தினாரு. அவங்க எழுந்து போவல. கொஞ்ச மாசம் கழிச்சு மறுபடி கூப்ட்டு அனுப்பினாங்க. எதனால கிருமி வந்துச்சுன்னு தேடிப் பாத்தோம், ரத்தக்குழாய்ல போடற டியூப்பால வந்திருக்கும்னு நெனைக்கிறோம், அத மாத்தற மொறையையே இப்ப மாத்திட்டோம்னு சொன்னாங்க. அப்பால, வாசல்ல ஒரு பலகை வைக்கப் போறோம், உங்க புள்ளையும் அந்தக் கணக்குல வருவான், பேரு போடமாட்டோம், உங்களுக்கு சம்மதமான்னு கேட்டாங்க."

"நீங்க இன்னாக்கா சொன்னீங்க?"

"எழுதுங்கன்னேன். எழுதலன்னா எம் புள்ள இங்க வரவேயில்லன்னு ஆயிடும் இல்ல?"

அதற்குள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். ஜோஸ்பின் எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பி, "மறுபடி மறுபடி இங்க வர்றதுக்கு ஒரு மாதிரியா இல்லியாக்கா?" என்று கேட்டாள்.

"வாசலு வரைக்கும் வருவேன். மாடியில ஐசியு இருக்கு பாரு, அங்க மட்டும் போறதில்ல."

டாக்டர் ஜெயசித்ராவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். ஷெரினை மடியில் வாங்கி வைத்துக்கொண்டே பேசினார்.

"பிரிவு மூணு. இதே மாதிரி எடை கம்மியா, அழுத்தம் ஏறின குழந்தைங்க போன மூணு வருஷத்துல நாப்பது பேருக்கு மேல செஞ்சிருக்கோம். ரெண்டு பேரை எங்களால காப்பாத்த முடியல. உங்க பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா காத்திருந்தா ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. அழுத்தம் ஒரு அளவுக்கு மேல போயிட்டா அப்புறம் யாராலயும் ஓட்டைய மூட முடியாம போயிடும்."

அருள்தாஸ் தொண்டையைச் செருமினார். "வூட்டுக்குப் போயி ஒரு நாளு யோசிச்சுட்டு..." என்று ஆரம்பித்தார்.

"செய்யலாம் டாக்டர்," என்றான் பாக்யராஜ். அண்ணன் பேசும்போது அவன் குறுக்கே பேசியது அதுதான் முதல் தடவை. ஜோஸ்பின் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கண் குழந்தை மேலேயே இருந்தது. "அந்த ரெண்டு பேரப் பத்தி இவங்களாவே சொல்லிட்டாங்க. இதுக்கு மேல யாருகிட்ட போயி கேக்கறது, ண்ணா?"

மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் கொடுத்து, மருந்து கொடுத்து, பத்து நாள் தயார் செய்தார்கள். ஆபரேஷன் அன்று காலை ஷெரினை ஜோஸ்பினே தூக்கிக்கொண்டு போய்க் கதவருகில் நர்ஸ் கையில் கொடுத்தாள். குழந்தை அழவில்லை. நர்ஸின் முகக்கவசத்தைப் பிடித்து இழுத்தாள். மதியம் டாக்டர் ஜெயசித்ரா வெளியே வந்து, "ஓட்டைய மூடியாச்சு. இனிமே நுரையீரல் எப்படி நடந்துக்குதுன்னு பாக்கணும்," என்றார்.

மறுநாள் பகல் அது சரியாக நடந்துகொள்ளவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திடீரென்று நர்ஸ்கள் ஓடினார்கள். திரையை இழுத்து மூடினார்கள். டாக்டர் வந்து, வரலாம் என்று முன்பே சொல்லியிருந்த அதே சிக்கல்தான் வந்திருக்கிறது, அழுத்தம் ஒரேயடியாக ஏறிவிட்டது, அடுத்த சில மணி நேரம் கஷ்டமான நேரம் என்றார். "அரை மணிக்கு ஒரு தடவை யாராவது வந்து உங்ககிட்ட சொல்வாங்க. சொல்றதுக்கு எதுவும் இல்லன்னாலும் வருவாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பாக்யராஜ் படிக்கட்டில் போய் நின்றுகொண்டான். ஜோஸ்பினுக்கு ஜெபம் வாயில் வரவில்லை. பாதியில் மறந்தது. செல்வகுமாரி முன்பு கொடுத்திருந்த எண் போனில் இருந்தது. என்ன பேசப்போகிறோம் என்று தெரியாமலே கூப்பிட்டாள். "அக்கா" என்றவள் மேலே பேச முடியாமல் அழுதாள்.

ஒரு மணி நேரத்தில் செல்வகுமாரி வந்துவிட்டாள். தோட்டத்தில் இருந்தவள் அப்படியே பஸ் ஏறியிருக்க வேண்டும். புடவைக் கரையில் சேறு காயாமல் இருந்தது. மாடிப்படி முடிகிற இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அங்கிருந்து ஐசியு வரைக்கும் நீளமான நடை. செல்வகுமாரி சுவரோரமாகவே மெல்ல நடந்து வந்தாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜோஸ்பினின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் வந்து, "இன்னும் மாற்றம் இல்லம்மா" என்றாள். போனாள். மறுபடி வந்து அதையே சொன்னாள். அருள்தாஸ் வாங்கிவந்த பிஸ்கெட் பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. வெயில் தாழ்ந்து சன்னல் கம்பியின் நிழல் எதிர்ச்சுவரில் ஏறிய சமயம் நர்ஸ் மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவள் நடை வேறு மாதிரி இருந்தது.

"கொறைஞ்சிருக்கும்மா. டாக்டர் உங்கள உள்ள வந்து பாக்கச் சொன்னாங்க."

ஜோஸ்பின் எழுந்து ஓடினாள். செல்வகுமாரி நாற்காலியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் எதற்காக அழுதாள் என்று யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு குழாயாக எடுத்தார்கள். வார்டுக்கு மாற்றிய அன்று ஷெரின் ஒரே மூச்சில் பால் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கத்தினாள். பாக்யராஜ் அந்தக் கத்தலைப் போனில் பதிவு செய்து கம்பெனியில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினான்.

மறு வருஷம் ஒரு வியாழக்கிழமை ஜோஸ்பினும் பாக்யராஜும் ஷெரினைச் செக்கப்புக்குக் கொண்டுபோனபோது, பெற்றோர் குழுவினருக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். கீழ்த்தளத்துக் கூடத்தில் ஐம்பது பேர் போலக் கூடியிருந்தார்கள். செல்வகுமாரி முன்வரிசையில் இருந்தாள். கார் ஓட்டி வந்த அருள்தாஸும் ஷெரினைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். அவள் அவருடைய சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

டிரஸ்ட் நிர்வாகி மணவாளன் எழுந்து பேசினார். வாசலில் இருக்கும் பலகையை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறோம் என்றார்.

"யாரும் தப்பா நினைக்காதீங்க. எத்தனையோ குடும்பம் அதைப் படிச்சுட்டு வாசலோட திரும்பிப் போயிடுது. அலைஞ்சுட்டு, இன்னும் மோசமான நிலைமையில குழந்தையைத் தூக்கிட்டு வர்றாங்க. சில பேர் வர்றதே இல்ல. அதுவும் ஒரு கெடுதல்தானே? மறைக்கணும்னு சொல்லல. வெப்சைட்ல போட்டுடலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டாக்டர் ஜெயசித்ராவும் மறுத்துப் பேசவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வெப்சைட்ல யாரு சார் போயி பாக்கறது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"சார்," என்றார் அருள்தாஸ் பின்னாலிருந்து. எல்லாரும் திரும்பினார்கள். "வாசலோட திரும்பிப் போனவன்ல நானும் ஒருத்தன். இது எங்க வூட்டுப் பாப்பா. என்னாலதான் இதுக்கு ரெண்டு வாரம் வீணாச்சு."

ஜோஸ்பின் அவரைத் தடுக்க நினைத்துக் கையைத் தூக்கினாள். அவர் பார்க்கவில்லை.

"ஆனா பலகை மேல தப்பு இல்ல சார். நாங்க போன ஆஸ்பத்திரி வாசல்ல ஒண்ணுமே இல்ல பாருங்க, அங்கதான் தப்பு. அங்கயும் ஒரு பலகை இருந்து, இந்த மாதிரி கொழந்தைய நாங்க எடுக்கறதில்லன்னு அதுல போட்டிருந்தா நானு அங்க நிறுத்தியே இருக்கமாட்டேன். இன்னொண்ணு சார். பிரிவு மூணு, பிரிவு நாலுன்னா எனக்கு இன்னா தெரியும்? மத்தவங்க மாட்டேன்னு அனுப்பற கொழந்தையையும் நாங்க எடுக்கறோம்னு பெருசா எழுதுங்க. அத மொதல்ல எழுதுங்க. அப்பால செத்தது எத்தினின்னு எழுதுங்க. படிக்கிறவன் திரும்பிப் போவமாட்டான்."

கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சத்தத்தில் ஷெரின் மிரண்டு அழ ஆரம்பித்தாள். அருள்தாஸ் அவளைத் தட்டிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

மணவாளன் சிரித்துவிட்டார். "சரி. அப்படியே எழுதுவோம். ஒரு வருஷம் பார்ப்போம்," என்றார். "இந்த வருஷக் கணக்கும் வந்தாச்சு. போன தடவை ஏழு. இப்ப இன்னும் நிறையக் குழந்தைங்களுக்குச் செஞ்சும் அஞ்சுதான். பழைய பலகையை எடுத்துட்டுப் புதுசை மாட்டிடலாம்."

செல்வகுமாரி எழுந்து நின்றாள். "பழச எடுத்து எங்க சார் வைப்பீங்க?"

"ஸ்டோர் ரூம்லதாம்மா."

"வாணாம் சார்." அவள் பலகை இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள். "பக்கத்துலயே இருக்கட்டும். ஏழு அஞ்சாச்சுன்னு நீங்க சொல்றீங்க. அந்த ஏழு அங்க இருந்தாத்தான சார் அது தெரியும்?"

மணவாளனுக்கு அவள் யாரென்று அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். டாக்டர் ஜெயசித்ரா அவரைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"ரெண்டும் இருக்கும், செல்வகுமாரி. அடுத்த வருஷத்தோடதும் அதுங்க பக்கத்துலதான் வரும்."

அன்றே இன்னொன்றும் செய்தார்கள். காப்பீட்டு அட்டை செல்லுகிற எல்லா ஆஸ்பத்திரியும் குழந்தைகளின் இதய ஆபரேஷன் எப்படி முடிந்தது என்பதை ஊர் அறியச் சொல்ல வேண்டும், யாரை எடுக்கிறோம் யாரைத் திருப்பி அனுப்புகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று சுகாதாரத் துறைக்கு ஒரு மனு. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் துறையிலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்து பலகைகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றதாகவும், டாக்டரிடம் நிறையக் கேள்வி கேட்டுப் போனதாகவும் பிறகு கேள்விப்பட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் அருள்தாஸ் செல்வகுமாரியைப் பாகூரில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். முன்னால் பாக்யராஜ், பின்னால் பெண்கள் இருவரும் ஏறிக்கொண்டார்கள். ஷெரின் செல்வகுமாரியின் மடிக்குத் தாவி வளையலைத் திருகிக்கொண்டே வந்தாள்.

"இன்னிக்கு நானு கூட்டத்துக்காக மட்டும் வரல ஜோஸ்பினு," என்றாள் செல்வகுமாரி. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு அஞ்சு மாசம்."

ஜோஸ்பின் வாயைப் பொத்திக்கொண்டாள். தளர்த்திக் கட்டியிருந்த புடவையில் அதுவரை ஒன்றும் தெரியவில்லை.

"கதிருக்கு இருந்ததால இதுக்கும் பாத்துடணும்னு வயித்துலயே எக்கோ எடுத்தாங்க. காலையிலேருந்து பச்சத்தண்ணி எறங்கல எனக்கு."

"இன்னாக்கா சொன்னாங்க?"

"நாலு அறையும் சரியா இருக்குதாம். சின்ன ஓட்டைன்னா வயித்துல இருக்கறப்ப தெரியாமப் போவலாம், பொறந்தப்புறம் இன்னொருதரம் பாப்போம்னு அதையும் சொல்லித்தான் அனுப்பினாங்க." செல்வகுமாரி ஷெரினின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரருக்கு இனிமேதான் போயி சொல்லணும். போன்ல சொல்ல மனசு வரல. நேர்ல பாத்து சொல்லணும்."

ஜோஸ்பின் அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். முன்சீட்டில் பாக்யராஜ் திரும்பாமல் கண்ணைத் துடைத்தான்.

சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. எப்போதும் ஹாரன் அடித்து முந்திப் போகிற அருள்தாஸ், அன்று பள்ளம் மேடு பார்த்து, அதன் பின்னாலேயே மெதுவாக வண்டியை விட்டார்.